உப்புக் காற்று, உப்புத் தண்ணி... இரண்டாவது ரேசர் வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

பாம்பன் கடலில் 1914-ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், 2022 டிசம்பரோடு ரயில் ஓடுவது நின்றுபோனது. நூறு வருடத்துக்கு மேல் கடல் காற்றில் நின்ற இரும்பு அது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் கம்பிகள் போடப்பட்டிருக்கின்றன, அரிப்பைத் தாங்க பாலிசிலாக்சேன் என்ற சிறப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருக்கிறது என்று மத்திய அரசு தெரிவித்தது.

அந்தப் பாலத்தை நோக்கிப் போகும் ரயில் பாதையில், ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கிறது உச்சிப்புளி. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டு பக்கமும் கடல் கிட்டத்திலேயே. பாலத்தை அரித்த அதே காற்றுதான் இங்கே வீட்டுக் குளியலறை ஜன்னல் வழியாகவும் உள்ளே வருகிறது. கதவுக் கொண்டி, குழாய்த் திருகு, சோப்பு ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகத் துருவேறும். அந்த வரிசையில் ஷேவிங் செட்டும் ஒன்று.

பிரஷ், சோப்பு, இரண்டு பக்கமும் கூரான பிளேடு, அதை மாட்டும் உலோக ரேசர் என்கிற அப்பா காலத்து ஷேவிங் முறைக்கு இப்போது இளைஞர்களிடம் மறுபடி மவுசு. பிளேடு சில ரூபாய்தான், பிளாஸ்டிக் குப்பை குறைவு, முகத்தில் எரிச்சலும் குறைகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணங்கள். முதல் ரேசரை யாரும் ரொம்ப யோசித்து வாங்குவதில்லை. ஆன்லைனில் தள்ளுபடியில் கிடைத்ததாகவோ, வீட்டு அலமாரியில் கிடந்ததாகவோ இருக்கும். ஐந்தாறு மாதம் கழித்துத்தான் கேள்வி வருகிறது: அடுத்தது எது?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் வீடியோக்கள் ஏராளம். பெரும்பாலானவை குளிர் நாடுகளில், குழாயைத் திறந்தால் மென்மையான வெந்நீர் வரும் வீடுகளில் எடுக்கப்பட்டவை. அவற்றில் பேச்சு முழுக்க 'எந்த ரேசர் மென்மை, எந்த ரேசர் கடுமை' என்பதைப் பற்றித்தான் இருக்கும். கடற்கரையில் இருப்பவர்கள் அந்த வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். இங்கே முதல் கேள்வி உலோகம், அடுத்தது தண்ணி. மென்மை, கடுமை எல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில் பிளேடை மாற்றிப் பாருங்கள்

ரேசர் சரியில்லை என்று நினைப்பவர்களில் பலருக்கு உண்மையில் சரியில்லாதது பிளேடுதான். ரேசர் ஒரு பிடி மட்டுமே. வெட்டுவது பிளேடு. அதன் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். ஒவ்வொரு கம்பெனியும் அந்த விளிம்பைத் தீட்டுகிற விதமும், மேலே போடுகிற பூச்சும் வேறு வேறு. ஒருவருக்கு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும் பிளேடு, இன்னொருவருக்குப் பிடுங்கி இழுக்கும். இதில் பொதுவான 'பெஸ்ட்' என்று ஒன்று கிடையாது.

நல்ல வேளையாக, பிளேடின் அளவு உலகம் முழுக்க ஒன்றுதான். அமெரிக்காவின் கிங் கேம்ப் ஜில்லெட் 1904-ல் காப்புரிமை பெற்ற அந்த யோசனையின் தொடர்ச்சிதான் இன்றைய எல்லா இரண்டு பக்க பிளேடுகளும். அவருடைய கம்பெனி 1903-ல் விற்றது வெறும் 51 ரேசர்கள். மறு வருடமே அது 90 ஆயிரத்தைத் தாண்டியது. ஜப்பானின் ஃபெதர் ஆனாலும், நம் பெட்டிக்கடையில் தொங்கும் டோபாஸ், செவன் ஓ கிளாக் ஆனாலும் ஒரே ரேசரில் மாட்டலாம். கார்ட்ரிட்ஜ் ரேசரில் இந்தச் சுதந்திரம் கிடையாது. எந்தக் கம்பெனி பிடி வாங்கினீர்களோ, அந்தக் கம்பெனி பிளேடுதான் கடைசி வரை.

ஆகவே புது ரேசருக்கு ஆர்டர் போடும் முன், நாலைந்து பிராண்டு பிளேடுகளை ஒவ்வொரு பாக்கெட் வாங்குங்கள். இருக்கிற ரேசரிலேயே ஒவ்வொன்றையும் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட் அளவுதான் வரும். இதிலேயே பிரச்னை தீர்ந்தால், இரண்டாவது ரேசர் தேவையே இல்லை.

ஒரே பிளேடை எத்தனை நாள் ஓட்டுவது என்பதும் முக்கியம். ஐந்திலிருந்து ஏழு முறை ஷேவ் செய்ததும் மாற்றிவிடச் சொல்கிறது அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி. முடியைவிட ஸ்டீல் சுமார் 50 மடங்கு கடினம். அப்படியிருந்தும் பிளேடு எப்படி மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-ல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு விடை சொன்னார்கள். விளிம்பு சீராகத் தேய்வதைவிட, முடி வளைந்து ஒரு கோணத்தில் மோதும்போது நுண்ணிய சில்லுகளாகப் பெயர்ந்து போகிறது என்று மின்னணு நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார்கள். ஈரத்தில் ஊறாத, விறைப்பான முடி பிளேடுக்கும் எதிரி, முகத்துக்கும் எதிரி. குளித்த பிறகு ஷேவ் செய்யச் சொல்வது இதனால்தான்.

உலோகம்: பணம் போகிற இடமும் இதுதான், மிஞ்சுகிற இடமும் இதுதான்

கடையில் எல்லா ரேசரும் வெள்ளி மாதிரிதான் பளபளக்கும். உள்ளே இருப்பது என்ன என்பதில்தான் வித்தியாசம்.

குறைந்த விலையிலிருந்து நடுத்தர விலை வரை இருக்கும் பெரும்பாலான ரேசர்களின் தலைப்பகுதி, ஜாமக் என்ற துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டது. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம் சேர்ந்த கலவை. இது மலிவு, அச்சில் ஊற்றினால் நுணுக்கமான வடிவம் வரும். மேலே நிக்கல், குரோமியம் முலாம். ஜெர்மனியின் மெர்க்கூர் 34சி, இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89 போன்ற, உலகம் முழுக்க 'முதல் ரேசர்' என்று சிபாரிசு செய்யப்படும் பெயர் பெற்ற மாடல்களின் தலையும் இதுதான். எனவே ஜாமக் என்றாலே மட்டம் என்று அர்த்தமில்லை. முலாம் முழுசாக இருக்கும் வரை பல வருடம் உழைக்கும்.

சிக்கல் முலாம் உடைகிற இடத்தில் ஆரம்பிக்கிறது. குரோமிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெடிப்புகள் இருக்கும். உப்பு ஈரம் அதன் வழியே உள்ளே இறங்கினால் துத்தநாகம் வெள்ளைப் பொடியாக மாறும். முலாம் கொப்புளம் மாதிரி எழும்பும். பிளேடு ஸ்டீல், அடியில் இருப்பது துத்தநாகம். இரண்டு வேறு உலோகங்கள் உப்புத் தண்ணியில் தொட்டுக்கொண்டு இருந்தால், பேட்டரிக்குள் நடப்பது போல ஒன்று இன்னொன்றைக் காவு வாங்கும். இங்கே பலியாவது துத்தநாகம். கீழே விழுந்து ஒரு சின்னச் சிராய்ப்பு பட்டாலும் அதுவே நுழைவாயில். முதலில் சாகும் இடம் வெளியே தெரியாது. பிளேடுக்கு அடியில் இருக்கும் தட்டும், கைப்பிடி முறுக்கும் திருகு மரையும்தான் முதலில் போகும். ஒருநாள் திருகும்போது 'டக்' என்று தண்டு முறிந்து தலை தனியாக வந்துவிடும்.

அடுத்தது பித்தளை. பழைய கால ரேசர்கள் பலவும் பித்தளைதான். முலாம் போனாலும் பித்தளை பொடிந்து போகாது. நிறம் மங்கும், பச்சை பூக்கும், தேய்த்தால் போகும். ரொம்ப நாள் உப்பில் ஊறினால் அதிலிருக்கும் துத்தநாகம் மட்டும் கரைந்து, இடம் இடமாகச் செம்பு நிறம் தெரியும். அதற்குப் பல வருட அலட்சியம் வேண்டும்.

கடற்கரைக்கு முதல் தேர்வு ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். இதிலும் ரகம் உண்டு. 304 என்பது வீட்டுப் பாத்திர ரகம்: 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316 ரகத்தில் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். உப்பில் உள்ள குளோரைடு ஸ்டீலில் ஊசி குத்தியது போல் குழி போடுவதைத் தடுப்பது இந்த மாலிப்டினம்தான். படகு, கப்பல் உதிரிகளுக்கு இந்த ரகத்தைக் கேட்டு வாங்குவார்கள். ரேசர் பெட்டியில் '316' அல்லது '316எல்' என்று போட்டிருந்தால், அந்தக் கூடுதல் பணத்துக்கு இந்த ஊரில் அர்த்தம் இருக்கிறது. கோயம்புத்தூரிலோ ஓசூரிலோ இருப்பவர் இதற்காக அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

அலுமினிய ரேசர்களும் இப்போது பிரபலம். கனடாவின் ஹென்சன் அதில் ஒன்று. எடை குறைவு, பிளேடை மிகக் குறைவாகவே வெளியே நீட்டும் வடிவமைப்பு, அதனால் வெட்டுக் காயத்துக்குப் பயப்படுகிறவர்களுக்குப் பொருத்தம். ஆனால் அலுமினியத்தைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் ஆனோடைஸ் படலம். அது தேய்ந்த இடத்தில் ஸ்டீல் பிளேடும் உப்பு ஈரமும் சேர்ந்தால், ஜாமக்குக்குச் சொன்ன அதே கதைதான். வாங்கலாம். பிளேடை உள்ளேயே வைத்து ஈரத்தோடு விட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான்.

'காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்' என்று சிலர் சொல்வதுண்டு. ரேசர் விஷயத்தில் அது உதவாது. ஜாமக், பித்தளை, அலுமினியம் எதிலும் காந்தம் ஒட்டாது. 304, 316 ஸ்டீலிலும் பெரும்பாலும் ஒட்டாது. எடை கொஞ்சம் உதவும். ஒரே அளவு உலோகத்தை எடுத்துக்கொண்டால், அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு கனம் பித்தளை. ஸ்டீல் அதற்குக் கொஞ்சம் கீழே. ஜாமக் இரண்டுக்கும் நடுவில். விற்பவர் உலோகத்தின் பெயரைச் சொல்லாமல் 'பிரீமியம் மெட்டல்' என்று மட்டும் எழுதியிருந்தால், அது ஜாமக் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இந்தியத் தயாரிப்பா, வெளிநாடா என்று குழம்ப வேண்டாம். அமெரிக்காவில் நன்றாக விற்கும் பார்க்கர் ரேசர்கள் தயாராவது இந்தியாவில்தான். பேர்ல் என்ற இந்திய பிராண்டும் பல உலோகங்களில், பல வடிவங்களில் ரேசர் செய்கிறது. இறக்குமதி ரேசருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு சுங்க வரிக்கும் கூரியருக்கும் போகிறது. அதே பணத்துக்கு உள்நாட்டில் ஒரு படி மேலான உலோகம் கிடைக்குமா என்று ஒருமுறை பார்த்துவிடலாம்.

தண்ணி சரியில்லை என்றால் எந்த ரேசரும் சரிவராது

இந்தப் பக்கத்து வீடுகளில் 'நல்ல தண்ணி' தனி, புழக்கத் தண்ணி தனி. போர் தண்ணி பல இடங்களில் உப்பு. அதில் சோப்பு போட்டால் நுரை வராமல் திரிதிரியாய்த் திரண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத கசடாக மாறுவதுதான் அது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. அதற்கு மேல் போனால் ஷேவிங் சோப்பும் தடுமாறும்.

நுரை என்பது அலங்காரம் இல்லை. முடியை ஈரமாகப் பிடித்து வைப்பதும், பிளேடு தோலில் உரசாமல் வழுக்க வைப்பதும் அதுதான். நுரை கெட்டால் எவ்வளவு விலை உயர்ந்த ரேசரும் சிராய்க்கும். 'இந்த ரேசர் எரியுது' என்று மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள், ஒருமுறை கேன் தண்ணியில் நுரை போட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு டம்ளர் போதும். பிரஷை அதில் ஊறவைத்து, சோப்பையும் அதே தண்ணியில் குழைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கேன் தண்ணியை வீணாக்க மனசு வராதவர்கள் சோப்புக் கட்டிக்குப் பதில் ஷேவிங் கிரீம் பக்கம் போகலாம். கிரீமில் கடினநீரைச் சமாளிக்கும் பொருள்களைச் சேர்த்திருப்பதுண்டு.

தண்ணி விஷயத்தில் பெரிய கம்பெனிகளே சறுக்கியிருக்கின்றன. இந்தியாவுக்காக ஜில்லெட் 2000-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த வெக்டர் ரேசரை, எம்.ஐ.டி.யில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துத்தான் சோதித்தார்கள். அவர்களுக்குப் பிடித்திருந்தது. இந்தியாவுக்கு வந்ததும் ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. மாணவர்கள் ஓடும் குழாய்த் தண்ணியில் கழுவினார்கள். இங்கே மக்கள் ஒரு குவளைத் தண்ணியை வைத்துக்கொண்டு, அதிலேயே முக்கி முக்கி எடுத்து ஷேவ் செய்தார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். பிறகு கம்பெனி ஆட்கள் இந்திய வீடுகளுக்கே வந்து உட்கார்ந்து பார்த்து, 2010-ல் ஒற்றை பிளேடோடு, எளிதாகக் கழுவும்படி, 15 ரூபாய்க்கு ஜில்லெட் கார்டு கொண்டு வந்தார்கள். குவளைத் தண்ணியில் ஷேவ் செய்கிறவருக்கு, பழைய பாணி ரேசர் இந்த வகையில் தோது. இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் ஒரு முக்கில் சுத்தமாகிவிடும்.

மென்மையா, கடுமையா? உங்கள் தாடி எத்தனை நாள் தாடி?

இப்போது வீடியோக்காரர்களின் கேள்விக்கு வரலாம். பிளேடின் விளிம்புக்கும், அதன் கீழே தோலைத் தாங்கும் பாதுகாப்பு விளிம்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். அந்த இடைவெளி எவ்வளவு, பிளேடு எவ்வளவு வெளியே துருத்துகிறது என்ற இரண்டும்தான் ஒரு ரேசர் மென்மையா கடுமையா என்று தீர்மானிக்கின்றன. மென்மையான ரேசர்களில் இடைவெளி அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கடுமையானவற்றில் ஒரு மில்லிமீட்டரை நெருங்கும், தாண்டவும் செய்யும்.

பாதுகாப்பு விளிம்பு நேர்க்கோடாக இருந்தால் அது மூடிய வகை. சீப்புப் பல் மாதிரி இருந்தால் திறந்த வகை. நீளமான முடி பல்லுக்கு நடுவே புகுந்து பிளேடைச் சந்திக்கும் என்பதால், பல நாள் தாடிக்குத் திறந்த வகை பொருந்தும். 'திறந்த பல் என்றால் கடுமை' என்பது மட்டும் தவறான நம்பிக்கை. மென்மையான திறந்த ரேசரும் உண்டு. கடுமைக்குப் பெயர் போன ஒன்று ஜெர்மனியின் மியூலே ஆர்41. இரண்டாவது ரேசராக இதை ஆசைப்பட்டு வாங்கி, ஒரே வாரத்தில் அலமாரியில் வைத்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

உச்சிப்புளியில் இரண்டு விதமான முகங்களைப் பார்க்கலாம். ஊரை ஒட்டி இந்தியக் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 2009-ல் இருந்து அதன் பெயர் ஐ.என்.எஸ். பருந்து. கடற்படையில் உரிய அனுமதி வாங்கினால் தாடி வைக்கலாம். வாங்காதவர்கள் தினமும் மழித்தாக வேண்டும். விமானப்படையில் இந்த விதி இன்னும் கறார். மத அடிப்படையில் தாடி வைக்கக் கேட்ட ஊழியரின் வழக்கில், 2016 டிசம்பரில் விமானப்படையின் விதியே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இப்படித் தினமும் ஷேவ் செய்யும் முகத்துக்கு, இரண்டாவது ரேசர் முதல் ரேசரைவிட மென்மையாக இருப்பதுதான் நல்லது. ஜப்பானின் ஃபெதர் ஏஎஸ்-டி2 இந்த வகை. ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் என்பதால் கடற்கரைக்கும் தோது, விலைதான் இடிக்கும். தினசரி ஷேவில் ஒரு மில்லிமீட்டர் முடியைக்கூட வெட்டப்போவதில்லை. அதற்குக் கடுமையான ரேசர் எதற்கு? தோல்தான் அடி வாங்கும்.

கடலுக்குப் போகிறவர்கள், வாரத்துக்கு ஒருமுறை ஷேவ் செய்கிறவர்கள், செவ்வாய் வெள்ளி கத்தி படக்கூடாது என்று தள்ளிப்போடுகிறவர்கள், சபரிமலைக்கு மாலை போட்டு ஒரு மண்டலம் தாடி வளர்த்தவர்கள்... இவர்கள் கதை வேறு. மென்மையான ரேசர் இவர்களின் தாடியில் மாட்டிக்கொண்டு இழுக்கும். நடுத்தர இடைவெளியோடு திறந்த பல் ரேசர் சரியாக வரும். மண்டலத் தாடி என்றால் முதலில் கத்தரியாலோ டிரிம்மராலோ குறைத்துவிட்டுத்தான் பிளேடைத் தொட வேண்டும்.

இரண்டும் கலந்தவர்களுக்கு, இடைவெளியைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் அட்ஜஸ்டபிள் ரேசர் உண்டு. கேட்கும்போது ஒரே ரேசரில் பத்து ரேசர் மாதிரி இருக்கும். நடைமுறையில் பெரும்பாலானவர்கள் ஒரு எண்ணில் நிறுத்திவிட்டு மற்றதைத் தொடுவதே இல்லை. தவிர, அதில் சுருள்கம்பி, சுழலும் வளையம் என்று உள் பாகங்கள் அதிகம். உப்பும் சோப்புக் கசடும் போய் உட்கார இடம் அதிகம் என்று அர்த்தம். தண்ணி நன்றாக இருக்கும் ஊரில் வாங்கலாம். இந்தக் கடற்கரையில், மூன்று துண்டாகக் கழற்றித் துடைக்க முடிகிற எளிய ரேசரே மேல். கைப்பிடியைத் திருகினால் மேலே கதவு போலத் திறக்கும் 'பட்டர்ஃபிளை' வகைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒன்றை மறக்கக்கூடாது. எந்த ரேசரும் கோணத்தைத் திருத்தாது. கைப்பிடி தோலிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில், அழுத்தம் கொடுக்காமல், ரேசரின் கனத்திலேயே இறங்க வேண்டும். கார்ட்ரிட்ஜில் பழகிய கை அழுத்தும். கழுத்தில் சிவப்புப் புள்ளியாக வருவதில் பாதிக்கு மேல் இந்த அழுத்தம்தான் காரணமாக இருக்கும். முடி உள்ளேயே சுருண்டு வளர்ந்து கட்டி கட்டியாக வருகிறவர்கள், அடுத்த ரேசர் வாங்குவதைவிடத் தோல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கடுமையான ரேசர் பக்கமே போக வேண்டாம். சின்ன வெட்டும் ஆற நாளாகும்.

அலமாரியில் கிடக்கும் தாத்தா ரேசர்

பல வீடுகளில் இரண்டாவது ரேசர் ஏற்கெனவே இருக்கிறது. இரும்புப் பெட்டிக்குள்ளோ பரணிலோ கிடக்கும் பழைய பித்தளை ஷேவிங் செட். புதுசு வாங்கும் முன் அதை எடுத்துப் பாருங்கள். மரை தேயாமல் திருகுகிறதா, தட்டுகள் வளையாமல் இருக்கின்றனவா, பிளேடு மாட்டினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்ற மூன்றும் சரியாக இருந்தால், இன்றைய ரேசர் எதற்கும் அது குறைந்ததில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில் ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி நினைத்துப் புளி போட்டுத் தேய்த்தால் இருக்கிற முலாமும் கழன்று வரும். ஜாமக் ரேசர் என்றால் புளி, எலுமிச்சை, வினிகர் எதிலுமே ஊறவைக்கக்கூடாது. துத்தநாகம் புளிப்பில் கரையும்.

இரண்டாவது ரேசர் யாருக்கு?

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இது. நம் வீடுகளில் அப்பாவும் மகனும், அண்ணனும் தம்பியும் ஒரே ஷேவிங் செட்டைப் பயன்படுத்துவது சகஜம். 'பிளேடை மாத்திக்கிறோமே' என்பார்கள். சில சமயம் பிளேடுகூட மாறுவதில்லை. ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிரோடு இருக்கக்கூடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பட்டாலே அது பரவ வாய்ப்புண்டு. தொற்று இருப்பதே தெரியாமல் பல வருடம் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெபடைடிஸ் சி-யும் ரத்தம் வழியாகப் பரவுவதுதான். பிளேடை மாற்றினாலும் அடித்தட்டிலும் இடுக்கிலும் ஈரம் தங்கியிருக்கும்.

வீட்டில் மீசை முளைத்த பையன் இருந்தால், இரண்டாவது ரேசருக்கு ஒதுக்கிய பணம் அவனுக்கென்று ஒரு சாதாரண, மென்மையான, மூடிய வகை ரேசர் வாங்கத்தான் போக வேண்டும். அப்பாவின் 316 ஸ்டீல் ஆசை அடுத்த தீபாவளிக்குக் காத்திருக்கலாம். சலூனுக்குப் போகிறவர்களும், கடைக்காரர் புது பிளேடைக் கண் முன்னால் உடைத்து மாட்டுகிறாரா என்று பார்த்துவிட்டே நாற்காலியில் சாய வேண்டும்.

வாங்கிய பிறகு

உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் உப்புத் தண்ணியில் கழுவி வைத்த ரேசர், விசிறிக்கு அடியில் வைத்தாலும் முழுசாகக் காய்வதில்லை. கடைசியாக ஒரு கை நல்ல தண்ணியில் அலசி எடுங்கள். பிறகு கழற்றி உதறி, தலைப்பகுதியைத் துணியால் ஒற்றி எடுங்கள். பிளேடைத் துடைக்க வேண்டாம். விளிம்பும் கெடும், விரலும் கெடும். வாரம் ஒருமுறை திருகு மரையில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடலாம். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். ரேசரைக் குளியலறையில் வைக்காமல், அறைக்குள் ஒரு டம்ளரில் நிமிர்த்தி வைத்தால் அதன் ஆயுள் கூடும்.

மதுரையிலிருந்து விமானம் ஏறுகிறவர்கள் பிளேடைக் கைப்பையில் வைக்கக்கூடாது. சோதனையில் எடுத்துவிடுவார்கள். செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும்.

பழைய பிளேடை அப்படியே குப்பையில் போடுவது குற்ற உணர்வு வர வேண்டிய காரியம். அந்தப் பையைக் கையால் பிரிப்பவர் ஒரு தூய்மைப் பணியாளர். காலியான பவுடர் டப்பாவோ, மூடி போட்ட தகர டப்பாவோ எடுத்து, மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் போட்டால் போதும். அது நிறையவே வருடக்கணக்காகும். நிறைந்ததும் கீறலை டேப்பால் ஒட்டி, மேலே 'பிளேடு' என்று பெரிதாக எழுதி, மற்ற குப்பையோடு கலக்காமல் பணியாளர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.